35 வருடம் கிடந்த எஞ்சின்

2019 ஜூன் மாதம். எங்கள் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். வெளியே நல்ல மழை. என் தாய்மாமாவின் பேரன் போன் செய்தான்.

"மாமா, பாட்டாவுக்க போட்ட சரிபண்ணப் போறேன். பலகை வேலைக்கு ஆள் சொல்லியாச்சு. எஞ்சினை நீங்க வந்து ஒரு தடவ பாக்கணும். பழைய இரும்புக்காரன் கிலோ கணக்குல கேட்டுட்டு நிக்கான்."

"பாட்டா என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணும் சொல்லல்ல. உங்கள விளிக்கச் சொன்னாரு."

எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவில் 30 வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் மாமா ஒருநாள்கூடத் தன் எஞ்சினைத் தொட என்னை அழைத்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், எங்கள் கடற்கரைக்கு எஞ்சின் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளையவர்களுக்குத் தெரியாது. நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்கும்.

1952 அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. நார்வே வேறொரு நாட்டுக்குச் செய்த முதல் வளர்ச்சி உதவித் திட்டம் அதுதான். அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தோம். கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதிதானே. ஆகவே நீண்டகரை எங்களுக்கு வெளியூராகத் தோன்றவில்லை. பஸ் ஏறினால் போய்விடலாம்.

நார்வேக்காரர்கள் அங்கே குடிநீர்க் குழாய் போட்டார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள். ஆனால் ஊர் ஊராகப் பேசப்பட்டது எஞ்சின் போட்ட படகுதான். முதலில் நம் நாட்டு வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. அதன் பிறகு 22 அடி, 25 அடி நீளத்தில் புது மாதிரிப் படகுகளை வடிவமைத்துக் கட்டினார்கள்.

ஏன் சரிப்படவில்லை என்பதில்தான் எங்கள் கடற்கரையின் பாதிச் சரித்திரம் இருக்கிறது. இன்போர்டு எஞ்சின் படகுக்கு உள்ளே உட்காரும். அதன் சுழற்சி தண்ணீருக்குள் இருக்கும் புரொப்பல்லருக்குப் போக வேண்டுமானால், படகின் அடியில் ஒரு துளை போட்டு ஷாஃப்டை வெளியே விட வேண்டும். கட்டுமரத்தில் துளை போட இடமே இல்லை. அது மரங்களைச் சேர்த்துக் கட்டியது, தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகும். வள்ளத்தில் துளை போடலாம். ஆனால் வள்ளம் தினமும் அலையில் ஏறி மணலில் வந்து விழுவது. புரொப்பல்லரும் சுக்கானும் அடியில் தொங்கினால் முதல் நாளே முறிந்துவிடும். ஆக, ஷாஃப்டுக்குத் துளை போட்ட படகு மணலுக்கு வரக்கூடாது, தண்ணீரிலேயே நிற்க வேண்டும். அப்படி நிற்க அலையடிக்காத இடம் வேண்டும். நீண்டகரையில் அஷ்டமுடிக் காயல் கடலோடு சேரும் வாய் இருக்கிறது. போட்டுகள் சுகமாக நின்றன. எங்கள் ஊரில் திறந்த கடலும் மணலும்தான்.

காயலோ துறைமுகமோ உள்ளவனுக்கு எஞ்சின், மணல் மட்டும் உள்ளவனுக்குத் துடுப்பு. 30 வருடம் எங்கள் கரையைப் பிரித்தது அந்த ஒரு துளை என்று நான் நினைக்கிறேன்.

மாமா 1955-இல், 18 வயதில், நீண்டகரைக்குப் போய்விட்டார். போட்டில் கூலியாளாகச் சேர்ந்து, எஞ்சின் வேலை பழகி, ஸ்ராங்கு ஆனார். 60-களில் கடன் வாங்கிச் சொந்தமாக 25 அடி போட்டு ஒன்று வாங்கினார். அது இறால் காலம். 1953-இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்கு முதன்முதலாகக் கப்பலேறியது. அதுவரை தென்னைக்கு உரமாகப் போட்டதும் உண்டு என்று சொல்லப்படும் இறாலுக்குப் பொன் விலை வந்தது. இறால் கடலின் அடியில் கிடப்பது. அதை அள்ள அடியைத் தடவிக்கொண்டு போகும் இழுவைமடி வேண்டும். இழுவைமடியை இழுக்க எஞ்சின் வேண்டும்.

என் அப்பா கட்டுமரக்காரர். அவருடைய வலை ராத்திரி கடலில் கிடக்கும். அதன் மேலே இழுவைமடி போட்டுகள் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 70-களின் கடைசியில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கரைக்குக் கரை சண்டை நடந்தது அதனால்தான். 1978-இல் ஒரு ராத்திரி அப்பாவின் புது நைலான் வலை போய்விட்டது. வட்டிக்கு வாங்கிய பணம். விடிந்தபோது கையில் மிதவைக் கட்டைகள் மட்டும் நான்கைந்து இருந்தன. அன்று அந்தப் பக்கம் வந்த போட்டுகளில் மாமாவுடையதும் ஒன்று என்று யாரோ சொன்னார்கள். அப்பா போய்க் கேட்டார். "என் போட்டு இல்ல அத்தான்" என்று மாமா சொன்னார். அப்பா நம்பவில்லை. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 1998-இல் அப்பா இறந்தபோது மாமா வந்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அம்மா இரண்டு பக்கமும் அழுதே தீர்ந்தாள்.

1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை பாரம்பரிய மீனவர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். பெரிய போட்டுகள் வெளிக்கடலுக்குப் போயின. மாமாவின் 25 அடிப் போட்டு அங்கே தாங்காது, உள்ளேயும் வரக்கூடாது. 1984-இல் நிறுத்திவிட்டார். தேங்காப்பட்டணத்துப் பக்கம் ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அங்கே ஓட்டுக் கொட்டகை போட்டு, போட்டை இழுத்து ஏற்றி, எஞ்சினோடு அப்படியே விட்டார். 35 வருடம்.

நான் போனபோது மாமாவுக்கு 82 வயது. பிளாஸ்டிக் நாற்காலியில் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். "வா மருமவனே" என்றார். அவ்வளவுதான்.

அயினிப் பலகையாதலால் போட்டின் உடம்பு எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அடிப்பலகை ஏழெட்டு மட்டும் மாற்ற வேண்டும். எஞ்சின் இரண்டு சிலிண்டர், கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புவது. பெயர்த்தகட்டை உப்பு தின்றுவிட்டிருந்தது. பேரன் கைப்பிடியை எடுத்து மாட்டப் போனான். "தொடாதே" என்றேன். நெடுநாள் கிடந்த எஞ்சினை எடுத்த எடுப்பில் சுற்றுவதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. பிடித்துக்கொண்ட பிஸ்டனை வலுக்கட்டாயமாக அசைத்தால் ரிங் முறியும், லைனர் கீறும், சில நேரம் கனெக்டிங் ராடே வளையும். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பாகத்தின் அடியில் உள்ள வடிகுழாய் திறந்திருந்தது. திறந்ததோடு விடாமல், யாரும் தெரியாமல் மூடிவிடக்கூடாது என்று பிடியைச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. கடல் தண்ணீரை உள்ளே விட்டு நிறுத்தியிருந்தால் வார்ப்பிரும்பு உளுத்துப் போயிருக்கும். புகைபோக்கும் குழாயில் கிரீசில் முக்கிய சாக்கு அடைத்திருந்தது. வெளியே தெரிந்த இரும்பிலெல்லாம் கிரீஸ் பூசி, அது காய்ந்து தேன்கூட்டு மெழுகு மாதிரி ஆகியிருந்தது. கைவிட்டுப் போகிறவன் இப்படிச் செய்ய மாட்டான். திரும்பி வர நினைத்தவன் செய்த வேலை அது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாசிலையும் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு வந்தோம். தினமும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். 12 நாள் கழித்து ஃப்ளைவீலில் கம்பி கொடுத்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்தோம். ஓர் அங்குலம்கூட அசையவில்லை. ஹெட்டைக் கழற்றினோம். ஒன்றாவது சிலிண்டர் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவதில் துரு. 1984-இல் எஞ்சின் நின்ற கணத்தில் அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கிறது. சாக்கை எலி கடித்த பிறகு, அந்த வழியாக உப்புக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எந்தச் சிலிண்டர் எந்த நிலையில் நிற்கும் என்பது நிறுத்துகிறவன் கையில் இல்லை.

பிஸ்டன் தலையில் மரக்கட்டை வைத்து, சுத்தியலால் அதட்டாமல் தட்டித் தட்டி, மூன்றாம் நாள் அசைந்தது. கையால் ஒரு சுற்று முழுதாக வந்தபோது பேரன் கைதட்டினான்.

மற்றதெல்லாம் பொறுமை வேலை. பிஸ்டனை வெளியே எடுத்தோம். இரண்டாவது லைனரை லேத் பட்டறையில் கொடுத்துத் தேய்த்துச் சரிசெய்தோம். ரிங் கிடைக்கவில்லை. அளவெடுத்துக்கொண்டு கொல்லத்துக்குப் போய், பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, ஒரு டிராக்டர் எஞ்சினுடைய ரிங் பொருந்தி வந்தது. டீசல் பம்பில் பழைய டீசல் கோந்தாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினோம். நாசிலை டெஸ்டரில் மாட்டிப் பார்த்தால் ஒன்று பனி மாதிரித் தூவியது, மற்றது சொட்டியது. சொட்டுகிற நாசிலோடு எஞ்சின் ஓட்டினால் பிஸ்டன் தலை ஓட்டையாகும். அதைச் சரிசெய்யாமல் மேலே போகவில்லை. தண்ணீர் ஓடும் வழியில் படிந்த உப்புக் காரையை எலுமிச்சை உப்புக் கரைசல் ஊற்றிவைத்துக் கரைத்தோம்.

ஹெட் கேஸ்கட் செம்புத் தகடு. புதிது கிடைக்காது. மாமா நாற்காலியிலிருந்தே சொன்னார்: "செவக்கச் சுட்டுத் தண்ணியில போடு." இரும்பைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் இறுகும். செம்பு அதற்கு நேர்மாறு, மெத்தென்று ஆகும். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். 18 வயதில் நீண்டகரையில் கற்றதை அவர் 82 வயதில் சொன்னபோது, எனக்குத் தெரியும் என்று சொல்லத் தோன்றவில்லை.

அடுத்தது ஷாஃப்ட். அதை வெளியே இழுத்தால்தான் ஸ்டெர்ன் டியூபைப் பார்க்க முடியும், புதுப் பருத்திக் கயிறு பேக்கிங் வைக்க முடியும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை உள்பக்கம் இழுத்தோம், வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். புரொப்பல்லருக்கும் டியூபுக்கும் நடுவே, ஷாஃப்டைச் சுற்றி, கை மொத்தத்துக்குக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தார் என்று நினைத்தேன். உளியால் தட்டிப் பார்த்தேன். நைலான்.

போட்டு எஞ்சின் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. வலை புரொப்பல்லரில் சிக்கினால் ஷாஃப்டில் இறுகச் சுற்றும். சுற்றுகிற சூட்டில் உருகிக் கட்டியாகிவிடும். பெரும்பகுதியைக் கத்தியால் அறுத்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அடியில் கொஞ்சம் நிற்கும்.

அதை வெட்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. தேங்காய் அளவு கட்டி. எந்த வலை, என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பேரனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் ஷாஃப்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாமாவுக்குத் தெரிந்தது. நெடுநேரம் பார்த்தார்.

"எல்லா போட்டு ஷாஃப்டுலயும் இருக்கும் மருமவனே" என்றார்.

"ஆமா மாமா" என்றேன்.

கொஞ்சம் கழித்து அவரே சொன்னார். "ராத்திரி ஓடும்போ சில சமயம் எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி தாழும். பெறவு சரியாவும். நிறுத்திப் பாத்தா மடி போவும், இறால் போவும். பாக்க மாட்டோம். எங்களுக்கு எப்பிடித் தெரியும், யாருக்க வலன்னு."

41 வருடம் கழித்து எனக்குக் கிடைத்த பதில் இதுதான். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்பா இருந்திருந்தால் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டியைத் தோப்புக்குப் பக்கத்திலேயே ஆற்றில் எறியப் போனேன். மாமா சத்தம் போட்டார்: "தண்ணியில போடாத! அது கடலுக்குப் போவும். இன்னொருத்தன் ஷாஃப்டுல சுத்தும்."

பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஜூலை கடைசி வாரம் கிளப்பிப் பார்த்தோம். போட்டு இன்னும் கரையில்தான். ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்து, பம்புக்கு ஹோஸ் கொடுத்தோம். புது ஆயில். ஃபில்டரின் நட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பம்ப் அடித்து ஏர்லாக் எடுத்தோம். பிறகு நாசில் குழாய்களிலும் அப்படியே. ஒரு பலகையைக் கையில் வைத்துக்கொள்ளும்படி பேரனிடம் சொன்னேன். பழைய டீசல் எஞ்சின் சில நேரம் தன் ஆயிலையே குடித்துக் கட்டுக்கடங்காமல் ஓடும். அப்போது டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும், அதில் டீசலைத் தூவினால் தானே பற்றும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டியது இந்தத் தத்துவத்தைத்தான். கடைசியில் 1913-இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலிருந்து காணாமல் போய், அவரும் கடலோடுதான் போனார். அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கையால் சுற்ற முடியாது. அதனால் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றி, வேகம் வந்ததும் லீவரை விட வேண்டும்.

பேரன் கைப்பிடியைப் பிடித்தான். மாமா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவன் கட்டைவிரலைத் தட்டினார். "பெருவிரலை மத்த விரலோட வை. சுத்திப் பிடிச்சா, எஞ்சின் திருப்பி அடிச்சா மணிக்கட்டு போவும்." தன் வலது கையைக் காட்டினார். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. இத்தனை வருடம் நான் அதைக் கவனித்ததில்லை.

முதலில் லீவரைத் தூக்கியபடியே, ஆயில் பிரஷர் முள் அசையும்வரை சுற்றினோம். பிறகு வேகமாகச் சுற்றி லீவரை விட்டான். ஒரு முறை புகை தள்ளி நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. ஆறாவது முறை ஒரு சிலிண்டர் பிடித்தது. டக்... டக்... டக்... வெள்ளைப் புகை கொட்டகை முழுக்க. பத்து இருபது விநாடி கழித்து இரண்டாவதும் சேர்ந்துகொண்டது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் ஓடி வந்தார்கள். புகை கறுத்து, பிறகு தெளிந்தது. தண்ணீர் வெளியே விழுந்தது. பலகைக்கு வேலை வரவில்லை.

மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ரெண்டாவது கொஞ்சம் பிந்துது" என்றார். எனக்குச் சரியாகத்தான் கேட்டது. நிறுத்திவிட்டு டைமிங்கைச் சரிபார்த்தேன். பிந்தித்தான் இருந்தது.

பத்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி ஆயிலை மாற்றினோம். பழைய துருவும் அழுக்கும் அதில்தான் இறங்கும். ஆகஸ்டில் போட்டைத் தண்ணீரில் இறக்கினோம். ஷாஃப்ட் துளையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது, அது அப்படித்தான் வர வேண்டும். முற்றிலும் அடைத்துவிட்டால் ஷாஃப்ட் சூடாகிப் பிடிக்கும். காயலில் இரண்டு சுற்று வந்தோம். கடலுக்குள் போகவில்லை.

இப்போது எங்கள் ஊர் மணலில் நிற்கும் ஃபைபர் வள்ளங்களில் எல்லாம் அவுட்போர்டு எஞ்சின்தான். பின்பக்கம் மாட்டுவது, கரைக்கு வரும்போது தூக்கிக்கொள்ளலாம். துளையே வேண்டாம். 80-களில் அது வந்த பிறகுதான் மணல்காரனுக்கும் எஞ்சின் கிடைத்தது. அப்பாவுக்கு அப்போது வயதாகிவிட்டது. அவர் கடைசிவரை துடுப்புத்தான்.

மாமா 2021-இல் போய்விட்டார். பேரன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் எஞ்சினை ஓட்டுகிறான். ஓடித் தேய்ந்து செத்த எஞ்சின்களைவிடச் சும்மா கிடந்து செத்தவைதான் அதிகம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஓடும்போது எனக்குப் போன் போட்டுச் சத்தத்தைக் கேட்க வைப்பான். நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். மாமா அளவுக்கு என் காது வராது.

அந்த நைலான் கட்டி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. கடலில் மட்டும் போட மாட்டேன்.